சோலார் வாட்டர் ஹீட்டர்: குழாயைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

மூன்று மாதச் சம்பளம். போட்டு ஐந்து வாரம்கூட ஆகவில்லை, இன்று காலையும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆன்லைனில் விற்று, ஆளும் அனுப்பிப் பொருத்தித் தருகிற கடை. வந்தவர் மாடி ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். அப்புறம் ஒரு தாளில் பேனலை வரைந்து, கறுப்புத் தகட்டின் சூடு செம்புக் குழாய்க்கு எப்படிப் போகிறது, சூடான தண்ணீர் லேசாகித் தானே டேங்குக்கு எப்படி ஏறுகிறது, பம்பே வேண்டாம் என்று அத்தனை பொறுமையாக விளக்கினார். அந்தத் தாளில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று, ஒரு சொட்டு வெந்நீரைப் பார்க்கும் முன்பே மீதிப் பணம் முழுவதையும் அன்றே அனுப்பிவிட்டேன்.

போன் செய்தால் முதலில் "புது டேங்க், ஒரு வாரம் போகட்டும்" என்றார்கள். பிறகு "மேகமா இருந்திருக்கும்". வெறும் வானத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்க வீட்டுல தண்ணி செலவு அதிகம்." கடைசியாக அந்த ஆளே வந்து மூன்றாவது பேனலின் கண்ணாடியைத் தொடச் சொன்னார்: "கொதிக்குது பாருங்க, அருமையா வேலை செய்யுது." நானும் தலையாட்டினேன். அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் பேனல் கொதிக்கக் கூடாது! கொதிக்கிறது என்றால் அந்தச் சூட்டைத் தண்ணீர் எடுத்துப் போகவில்லை, கண்ணாடி வழியாகக் காற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். மூன்று பேனலையும் வரிசையாக வைத்து, குளிர்நீர் நுழைவதையும் வெந்நீர் வெளியேறுவதையும் ஒரே பக்கம், முதல் பேனலிலேயே கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் கிட்ட இருக்கிற வழியில் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது, கடைசிப் பேனலுக்குள் அசைவே இல்லை. கீழே ஒரு மூலையில் நுழைந்து, எதிர்ப்பக்கம் மேல் மூலையில் வெளியேறினால்தான் எல்லாக் குழாய்க்கும் ஏறக்குறைய ஒரே தூரம்.

டேங்க் இன்னும் மோசம், அதன் அடி பேனலின் தலைக்கும் கீழே இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 20 டிகிரியில் சுமார் 998 கிலோ, 60 டிகிரியில் சுமார் 983. இந்தச் சின்ன வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிற மொத்த விசையும். டேங்க் இப்படித் தாழ்வாக இருப்பதால், இரவில் பேனல் குளிர்ந்ததும் அங்கிருக்கும் தண்ணீர் கனத்து இறங்க, ஓட்டம் தலைகீழாகி, டேங்கில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் பேனல் வழியாக வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சாயங்காலம் வெதுவெதுப்பு, காலையில் பச்சைத் தண்ணீர். இதற்கா மூன்று மாதச் சம்பளம்?

இதையெல்லாம் சொன்னால் "பொருத்தினது வேற டீம் சார்" என்கிறார்கள். நேற்றிலிருந்து போனையே எடுப்பதில்லை.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். இரண்டு மூன்று நாள் வெந்நீர் வந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். டேங்கின் அடி பேனலின் மேல்விளிம்பைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் வழியில் எங்கும் தொங்கக் கூடாது, ஏறிக்கொண்டே போக வேண்டும், மேடு பள்ளம் இருந்தால் காற்று அடைத்துக்கொள்ளும். மதியம் எல்லாப் பேனலின் வெளிவாய்க் குழாயையும் தொட்டுப் பாருங்கள், கண்ணாடியை இல்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன், இன்னொரு நம்பரிலிருந்து அவர்களுக்குப் போன் போட வேண்டும்.