பிரிட்டன் அரசின் ரக்பி மீட்புக் கடன்: வூஸ்டர் வாரியர்ஸ் சொல்லும் கணக்கு

கிளப்புகளுக்கு அரசு கொடுக்கும் கடனும் ஒரு சேவைதான். யாருக்காகக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனை போட்டார்கள், இக்கட்டான நேரத்தில் கைகொடுத்ததா என்று பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். 2020 நவம்பரில் கோவிட் பாதிப்புக்காக பிரிட்டன் அரசு அறிவித்த 30 கோடி பவுண்டு விளையாட்டு மீட்பு நிதியை அப்படித்தான் இங்கே பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உடனடி உதவி என்ற அளவில் நல்ல சேவை. ஆனால் வருமானத்தைவிடச் செலவு கூடுதலாக இருந்த பிராந்திய ரக்பி கிளப்புகளுக்கு 20 ஆண்டுக் கடனாக அதைக் கொடுத்தது பொருத்தமில்லாத வேலை.

அறிவிப்பின்போது ரக்பி யூனியன் என்ற 15 பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஒதுக்கியது 13.5 கோடி பவுண்டு. அதில் முதல் நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பின் கிளப்புகளுக்கு 5.9 கோடி, ஆட்டத்தை நிர்வகிக்கும் ஆர்.எஃப்.யூ.வுக்கு 4.4 கோடி, இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு 90 லட்சம், அதற்குக் கீழுள்ள கிளப்புகளுக்கு 2.3 கோடி. மைதானங்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் மூடியே கிடந்ததால், கடைசியில் பிரீமியர்ஷிப் கிளப்புகள் வாங்கிய கடன் சுமார் 12.4 கோடி பவுண்டுக்குப் போனது. யாருக்கு எவ்வளவு என்பதை சர் இயன் செஷயர் தலைமையிலான தனிக் குழு பார்த்தது. கடனைக் கையாளும் வேலை ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அரசு விளையாட்டு அமைப்பிடம் இருந்தது. திருப்பிக் கட்டவே முடியாதவர்களுக்கு மட்டும் மானியம், மற்றவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் என்பது விதி.

முதல் கோளாறு இந்த விதியிலேயே இருக்கிறது. பிரீமியர்ஷிப் கிளப்புக்குப் பின்னால் ஒரு பணக்கார முதலாளி இருப்பார், அவர் கட்டிவிடுவார் என்பதுதான் அதன் அடிப்படை. கோவிட்டுக்கு முன்பே பெரும்பாலான கிளப்புகள் நஷ்டத்தில்தான் ஓடின. 2018 டிசம்பரில் சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து லீக்கின் வணிக வருமானத்தில் 27 சதவீதப் பங்கை வாங்கியது. அந்தப் பணம் கிளப்புகளுக்கு ஒருமுறை கிடைத்தது. அதற்கு ஈடாக, அடுத்து வரும் ஒவ்வொரு ஆண்டு வருமானத்திலும் கால்பங்குக்கு மேல் கைவிட்டுப் போனது. அரசுக் கடன் வந்து சேர்ந்தது இந்தக் குறைந்த வருமானத்தின் மேல்.

இரண்டாவது கோளாறு, கடன் தொகையை நிர்ணயித்த விதம். கோவிட்டால் டிக்கெட், விருந்தோம்பல் வருமானம் எவ்வளவு போனதோ அதை வைத்துத் தொகை முடிவானது. திருப்பிக் கட்டும் சக்தியை வைத்து முடிவாகவில்லை. வங்கி என்றால் முதலில் கேட்பது திருப்பிக் கட்டும் சக்தியைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 1.4 கோடி பவுண்டு கடன், 20 ஆண்டு, 2 சதவீத வட்டி, முதல் 4 ஆண்டு தவணை விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். விடுப்புக் காலத்தில் வட்டி சேர்ந்து அசல் சுமார் 1.51 கோடியாகிறது. மீதி 16 ஆண்டில் கட்டி முடிக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சம் பவுண்டு வேண்டும். 10 அணி லீக்கில் சொந்த மைதானத்தில் கிடைப்பது 9 லீக் ஆட்டங்கள்தான். அப்படியானால் ஆட்டத்துக்கு 1.24 லட்சம் பவுண்டு. 8,000 பேர் வந்தால், ஒவ்வொருவர் டிக்கெட்டிலும் 15 பவுண்டுக்கு மேல் கடனுக்கே போகும். வீரர் சம்பளம், மின்சாரம், காப்பீடு எல்லாம் மிச்சத்தில்தான் நடக்க வேண்டும். 2 சதவீதம் என்பது மலிவு வட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் நஷ்டத்தில் ஓடும் கிளப்பைப் புரட்டிப்போடுவது வட்டி அல்ல, அசல்.

இதெல்லாம் நடைமுறையில் என்ன செய்தது என்பதற்கு, இந்தக் கடனை வாங்கிய வூஸ்டர் வாரியர்ஸ் கிளப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. எம்5 நெடுஞ்சாலையின் 6ஆம் சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது சிக்ஸ்வேஸ் மைதானம். சுமார் 11,500 பேர் உட்காரலாம். பாய்லர் தொழிலில் சம்பாதித்த செசில் டக்வொர்த் கீழ்நிலை லீக்கில் கிடந்த உள்ளூர் கிளப்பைத் தூக்கிவிட்டு, 2004இல் பிரீமியர்ஷிப்புக்கே கொண்டுவந்தார். சுற்றுவட்டாரப் பையன்களை எடுத்து வளர்க்கும் நல்ல பயிற்சி அகாடமி இருந்தது. 2022 மேயில், லீக் பட்டத்திலிருந்து வேறான பிரீமியர்ஷிப் ரக்பி கோப்பைப் போட்டியையும் வென்றார்கள். நான்கே மாதத்தில் கிளப் விழுந்தது.

விழுந்த வரிசையைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த கிளப்பும் இதே வரிசையில்தான் விழும். 2022 ஆகஸ்டில் வரித்துறை, 60 லட்சம் பவுண்டுக்கு மேல் பாக்கி என்று கம்பெனியைக் கலைக்கக் கோரி மனு போட்டது. பெரும்பகுதிக் கடன் கொடுத்த அரசுத் துறை பொறுத்துக்கொண்டிருக்க, அதே அரசின் இன்னொரு கை வழக்குப் போட்டது. ஆகஸ்ட் சம்பளம் தாமதமாயிற்று. வீரர்கள் அல்லாத ஊழியர்களுக்கு அந்த மாதம் 65 சதவீதம்தான் வந்தது. செப்டம்பரில் எக்ஸிடருக்கு எதிரான ஆட்டத்துக்கு மைதானத்தில் 4,999 பேருக்கு மேல் கூடாது என்று பாதுகாப்பு வரம்பு வந்தது. டிக்கெட் விற்று மீள வேண்டிய கிளப்புக்கு, கொள்ளளவில் பாதியைக்கூட விற்க வழியில்லை. காசு இல்லாததால் பாதுகாப்பு ஏற்பாடு குறைகிறது, ஏற்பாடு குறைவதால் கூட்டம் குறைகிறது, கூட்டம் குறைவதால் காசு இன்னும் குறைகிறது. இந்தச் சுழலில் மாட்டிய கிளப் தானாக வெளியே வருவது கடினம்.

செப்டம்பர் 24 அன்று நியூகாசிலை 39-5 என்று அடித்தார்கள். 26ஆம் தேதி மாலை 5 மணிக்குள் காப்பீடு, சம்பளத்துக்கான பணம், நம்பகமான திட்டம் மூன்றையும் காட்ட வேண்டும் என்பது ஆர்.எஃப்.யூ. விதித்த கெடு. காட்ட முடியவில்லை. கிளப் இடைநிறுத்தப்பட்டது. அன்றே பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறை, கடன் கொடுத்தவர் என்ற உரிமையில், கிளப்பை நிர்வாகிகளின் (நொடித்த கம்பெனியை ஏற்று நடத்த அமர்த்தப்படுபவர்கள்) பொறுப்பில் விடும் நடவடிக்கையை எடுத்தது.

அக்டோபர் 5 அன்றுதான் உண்மையான அடி விழுந்தது. வீரர்களின் ஒப்பந்தங்கள் இருந்தது தனியொரு கம்பெனியில்: டபிள்யூ.ஆர்.எஃப்.சி. பிளேயர்ஸ் லிமிடெட். நிர்வாகிகள் கையில் போனது வேறு கம்பெனி. வரித்துறையின் மனுவில் இந்த பிளேயர்ஸ் கம்பெனியை உயர் நீதிமன்றம் கலைத்தது. அந்த நொடியே எல்லா வீரர்களின் ஒப்பந்தமும் செல்லாமல் போனது. ஆலி லாரன்ஸ், டெட் ஹில் போன்றவர்கள் பாத் கிளப்புக்குப் போனார்கள். கடனுக்கு ஈடாக அரசுக்கு எழுதிக்கொடுத்த மைதானம் பத்திரமாக இருந்தது, ஆட ஆள் இல்லை. பெண்கள் அணி வேறு ஆதரவில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து 2023இல் நின்றது.

இதைத்தான் இந்தக் கடனின் பெரிய வடிவமைப்புக் குறை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஈடு எழுதியவர்கள் நிலத்தையும் கட்டடத்தையும் பார்த்தார்கள். ரக்பி கிளப்பின் மதிப்பு நிலத்தில் பாதிதான், மீதி வீரர் ஒப்பந்தத்திலும் லீக்கில் இருக்கும் இடத்திலும் இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே வாரத்தில் ஆவியாகக்கூடியவை. சம்பளப் பிடித்தவரியும் வாட் வரியும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று மாதாமாதம் பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால், 60 லட்சம் பாக்கி சேரும்வரை யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். 2023 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு, கிளப் உரிமையாளர்களின் நிர்வாகத்தையும், லீக், ஆர்.எஃப்.யூ. இரண்டின் செயலற்ற தலைமையையும் கடுமையாகவே சாடியது.

ஆனால் ஈடு எழுதியதால் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. சிக்ஸ்வேஸ் மைதானம் வீட்டுமனையாகப் பிரிந்து போகவில்லை. கிளப்பைச் சுற்றியிருந்த நிலத்துண்டுகள் கம்பெனி கம்பெனியாகக் கைமாறிய நிலையில், அரசின் ஈடு இல்லாதிருந்தால் ரக்பிக்குத் திரும்ப இடமே இருந்திருக்காது. 2025-26 சீசனில் வூஸ்டர் வாரியர்ஸ் மறுபடி அதே மைதானத்தில், இரண்டாம் நிலை லீக்கில் ஆடியது. மைதானம் தப்பியதால்தான் அது நடந்தது.

இன்னொரு பிரீமியர்ஷிப் கிளப்பான வாஸ்ப்ஸின் கதையை ஒப்பிட்டால் இது விளங்கும். அவர்களுக்கும் அரசுக் கடன் சுமார் 1.4 கோடி. ஆனால் அதற்கு முன்பே 2015இல் வெளியிட்ட 3.5 கோடி பவுண்டு கடன் பத்திரம் இருந்தது, அது 2022 மேயில் முதிர்ந்தது. அக்டோபர் 17 அன்று 167 பேர் வேலை இழந்தார்கள். கவென்ட்ரி மைதானம் வேறொருவருக்கு விற்கப்பட்டது. திரும்பி வர வாஸ்ப்ஸுக்கு வீடு இல்லை. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷும் விழ, 13 அணிகள் இருந்த பிரீமியர்ஷிப் 10 ஆனது. மூன்றுமே மீட்புக் கடன் வாங்கிய கிளப்புகள். லீக் சுருங்கியதால் மிச்சமிருப்பவர்களுக்குச் சொந்த மைதான ஆட்டம் 12இலிருந்து 9ஆகக் குறைந்தது. தவணை விடுப்பு முடியும் நேரம் பார்த்து வருமானம் குறைந்தது என்பதுதான் வேதனை.

வேல்ஸில் வழி வேறு. அங்கே கார்டிஃப், ஸ்கார்லெட்ஸ், ஆஸ்ப்ரேஸ், டிராகன்ஸ் என்ற நான்கு பிராந்திய அணிகள் நேரடியாகக் கடன் வாங்கவில்லை. வெல்ஷ் ரக்பி யூனியன் வாங்கி அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. முதலில் வங்கியிடம் 2 கோடி பவுண்டு, பிறகு அந்தச் சுமையை வேல்ஸ் அரசின் நீண்டகாலக் கடனாக மாற்றிக்கொண்டார்கள். இதில் ஒரு நல்லது உண்டு: 2025 ஏப்ரலில் கார்டிஃப் கவிழ்ந்தபோது யூனியனே உடனடியாக எடுத்துக்கொண்டது, ஒப்பந்தங்கள் சிதறவில்லை. கெட்டதும் உண்டு: கடன் கொடுத்தவரும் அணிகளின் எண்ணிக்கையை முடிவுசெய்பவரும் ஒருவரே. 2025 அக்டோபரில் நான்கை மூன்றாகக் குறைப்பதாக யூனியன் அறிவித்தது. இரண்டு முறைகளையும் வைத்துப் பார்த்தால், வீரர்களையும் ஊழியர்களையும் காப்பாற்றியதில் வேல்ஸ் முறைக்கே மதிப்பெண் கூடுதல்.

அரசின் பக்கம் இன்னொரு குறை. பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறை, கலை, விளையாட்டு இரண்டுக்கும் சேர்த்து 120 அமைப்புகளுக்கு 47.4 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. மானியம் கொடுத்துப் பழகிய துறைக்குக் கடன் வசூல் புதிது. மானியத்துக்குக் கணக்கு கேட்பது ஆண்டுக்கு ஒருமுறை போதும். கடனுக்கு அது போதாது.

அடுத்த முறை அரசோ மாநகராட்சியோ ஒரு கிளப்புக்குக் கைகொடுக்க முன்வந்தால், கிளப் பொருளாளரும் ரசிகர் சங்கமும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. முதலில் கம்பனீஸ் ஹவுஸ் என்ற பிரிட்டன் கம்பெனிப் பதிவகத்தின் இணையதளத்தில் கிளப்பின் பெயரைத் தேடுங்கள், கட்டணம் இல்லை. ஒரு கம்பெனி போதாது. வீரர்கள் கம்பெனி, வர்த்தகக் கம்பெனி, மைதானக் கம்பெனி என்று இயக்குநர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஈடு எழுதினால் 21 நாளுக்குள் அங்கே பதிவு செய்தாக வேண்டும், அதனால் புது ஈடு யாருக்குப் போயிருக்கிறது என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். ஆண்டுக் கணக்கு தாக்கல் ஒன்பது மாதக் கெடுவைத் தாண்டியிருந்தால் அதுவே அபாய மணி. கெடுவை நீட்டுவதற்காகக் கணக்கு முடிக்கும் தேதியை மாற்றியிருந்தாலும் அப்படியே. பிறகு நிலப் பதிவேட்டில் சில பவுண்டு கட்டி மைதானத்தின் உரிமைப் பத்திரத்தை எடுங்கள். கார் நிறுத்துமிடமும் பயிற்சித் திடலும் தனித்தனிப் பத்திரமாக இருக்கலாம், அப்படியானால் மூன்றையும் எடுக்க வேண்டும். வூஸ்டரில் விஷயம் வெளியே வந்ததும் நிலம் பிரிந்து கிடந்ததை ஆட்கள் கவனித்த பிறகுதான்.

கடைசியாக, 2011 உள்ளாட்சிச் சட்டப்படி மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிடக் கோரலாம். பதிவுசெய்யாத சங்கமாக இருந்தாலும் உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் இருந்தால் போதும். பட்டியலில் வந்தால் 5 ஆண்டு இருக்கும். உரிமையாளர் விற்க நினைத்தால் முதலில் உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். 6 வாரத்துக்குள் ஏதாவது உள்ளூர் அமைப்பு வாங்க விருப்பம் தெரிவித்தால், விற்பனைக்கு மொத்தம் 6 மாதத் தடை வரும். விலையைக் குறைக்க இந்தச் சட்டத்தால் முடியாது, உங்களுக்கே விற்கச் சொல்லவும் முடியாது. பணம் திரட்டவும் அரசிடம் பேசவும் ஆறு மாதம் கிடைக்கும், அவ்வளவுதான். கிளப் நன்றாக ஓடும்போதே இந்த விண்ணப்பத்தைப் போட்டுவையுங்கள். நிர்வாகிகள் சாவியை வாங்கிய பிறகு நடக்கும் சில வகை விற்பனைகளுக்கு இந்தத் தடை செல்லாது.