ஏழு வருட பான்சாய்: குறை மரத்தில் இல்லை, தட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் என் பான்சாய் மரத்துக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் ஏறிய செங்கல் தூள் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதற்குள் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். "புது வீட்டுக்கு மரம் வாங்கணும்டா. வாசல்ல கொஞ்சம் மண் இருக்கு, பால்கனி இருக்கு, உள்ள ஜன்னலோரம் ஒரு மேசை இருக்கு. அழகு மரமா, பழ மரமா, பான்சாயா? உங்கிட்டதான் மூணும் இருக்கே." அரை மணி நேரம் பேசினேன். அதில் முக்கால்வாசி நேரம் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியே புலம்பியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவன் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அதனால்தான் இது.

என்னிடம் இருப்பது ஃபைகஸ் மைக்ரோகார்பா. ஆல், அரசு, இச்சி எல்லாம் எந்த இனமோ அதே இனம். கிழங்கு போலப் பருத்த வேர் மண்ணுக்கு வெளியே தெரிய, தலையில் மட்டும் கொஞ்சம் இலையோடு "ஜின்செங்" என்று விற்பார்களே, அதுதான். ஜின்செங் மூலிகைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, வேரின் உருவத்துக்காக வைத்த பெயர். பான்சாயைத் தவமாகச் செய்கிறவர்கள் இதைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பருத்த வேரின் தலையில் சிறிய இலை வகை ஒன்றை ஒட்டுக் கட்டியிருப்பார்கள், அந்தத் தழும்பு காலத்துக்கும் தெரியும் என்பார்கள். என் மரத்திலும் தெரிகிறது. ஏழு வருடம் பார்த்த முகத்தில் தழும்பு தனியாகத் தெரிவதில்லை.

இதற்கு முன் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரம் ஒன்று வைத்திருந்தேன், ஹாலில். அது வெயிலிலும் காற்றிலும் வெளியே நிற்க வேண்டிய மரம் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை, நானும் கேட்கவில்லை. ஜூனிப்பரிடம் ஒரு கெட்ட குணம், செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஒருநாள் கை பட்டு இலை பொலபொலவென்று கொட்டியபோதுதான், இத்தனை நாளும் பிணத்துக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. வீட்டுக்குள் வைத்துத்தான் தீருவேன் என்பவர்களுக்கு ஃபைகஸ் சரிப்படும், அதுவும் வெளிச்சமான ஜன்னல் பக்கத்தில். பான்சாய் என்பது மர வகை அல்ல, வளர்க்கும் முறை. எந்த மரம் என்று கேட்காமல் "ஒரு பான்சாய் கொடுங்க" என்று வாங்கினால் என் ஜூனிப்பர் கதைதான்.

இனி என் எரிச்சல். ஜப்பானிய மொழியில் "பான்" என்றால் தட்டு மாதிரி ஆழமில்லாத தொட்டி, "சாய்" என்றால் நடுவது. ஆக, வியாதியைப் பெயரிலேயே எழுதி ஒட்டித்தான் விற்கிறார்கள். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முதல் வருடம் தினமும் மேலாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய இரண்டு நொடியில் அடியில் ஒழுகும். ஆகா, நல்ல வடிகால் என்று திருப்திப்பட்டேன். இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று கூட்டினேன், இன்னும் மஞ்சளானது. அதிகம் போலிருக்கிறது என்று குறைத்தேன், நுனி கருகியது. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து மரத்தை வெளியே எடுத்தபோது உள்ளே கண்ட காட்சி: வேர்க்கட்டியின் நடுப்பகுதி மூக்குப்பொடி மாதிரி உலர்ந்து கிடக்கிறது. அடிப்பகுதியிலோ வேர் அழுகிக் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உறையாகக் கழன்று வருகிறது. ஒரு சாண் தொட்டிக்குள் வறட்சியும் வெள்ளமும் ஒரே சமயத்தில்!

காரணம் பிறகுதான் புரிந்தது. மரத்தோடு வந்தது பீட், அதாவது சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரத் தூள், கலந்த மண். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுவதெல்லாம் தொட்டி ஓரமாக வழிந்து ஓடிவிடும். நான் பார்த்துத் திருப்திப்பட்ட வடிகால் அதுதான்.

வெள்ளத்துக்கு முழுப் பொறுப்பும் நான்தான். நீர் வடியட்டும் என்று அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பியிருந்தேன். எல்லாரும் செய்வதுதானே! பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருந்து, அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர், உயரம் மட்டும்தான் கூடியிருக்கிறது. மண்ணும் இப்படித்தான். வடிந்து முடித்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தேங்கி நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண் பருக்கையின் அளவு, தொட்டியின் ஆழம் அல்ல. ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு சிறு பங்காக நின்றுவிடும். தட்டிலோ பாதித் தொட்டி அதுவாகத்தான் இருக்கும். கூழாங்கல் போட்டால் அந்த ஈர அடுக்கு ஒழியாது, கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். இருந்த கொஞ்ச இடத்தையும் கல்லுக்குத் தாரை வார்த்துவிட்டு, வேரைச் சேற்றில் நிறுத்தியிருந்தேன்.

தீர்வு பருமண். செங்கல்லை உடைத்து, சலித்து, தூளையெல்லாம் கழுவித் தள்ளிவிட்டு, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் பருக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதோடு பியூமிஸ் என்ற துளை நிறைந்த எரிமலைக் கல், கொஞ்சம் மக்கிய உரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேரைக் குச்சியால் கோதிவிட்டு, சுமார் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, தொட்டித் துளை வழியாகக் கம்பி விட்டு மரத்தைக் கட்டி உட்கார வைக்க வேண்டும். ஆடினால் புது வேர் அறுந்துவிடும். கடைசியில், அடியில் வரும் தண்ணீர் தெளியும் வரை ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது இந்தக் கூத்துதான்.

அழுகல் ஒழிந்தது. எரிச்சல் ஒழிந்ததா என்றால், இல்லை. பருமண்ணில் தண்ணீர் தங்காது, ஆகவே வெயில் காலத்தில் தினமும் ஊற்ற வேண்டும். தினமும் என்றால் தினமும். ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி, உருவி, நிறம் பார்த்து ஊற்றுவேன். வாரம் ஒருமுறை பேசினில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை முக்கிவைப்பேன். குமிழி வந்துகொண்டே இருக்கும், அது நின்றால்தான் உள்ளே நனைந்தது என்று அர்த்தம். அந்தக் குமிழிச் சத்தம் மட்டும் எனக்குப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழு வருடமாகச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் நான் எங்கும் போனதில்லை. போனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியும் அரைப் பக்கக் கடிதமும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். "அதுக்கு மட்டும் வேளை தவறாது" என்று வீட்டில் ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நியாயமாகப் பேசினால் மரத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மூன்றாம் மாதம் அதை ஜன்னலிலிருந்து புத்தக அலமாரிக்கு மாற்றினேன். ஒரே வாரத்தில் பாதி இலையைக் கொட்டியது. வெளிச்சம் குறைந்தால் ஃபைகஸ் அப்படித்தான் கோபித்துக்கொள்ளும். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை, ஒரு சொட்டுப் பாலும் வந்தது. பழைய இடத்திலேயே வைத்தேன், துளிர்த்துவிட்டது. இன்னொரு முறை இலைகள் நடு நரம்போடு மடிந்து ஒட்டிக்கொண்டன. பிரித்தால் உள்ளே பொடிப்பொடியாகக் கறுப்புப் பூச்சிகள், இலைப்பேன். மடிந்த இலைகளைக் கிள்ளி எறிந்ததோடு சரி. எப்படி வெட்டினாலும் தழைக்கிறது. இத்தனை பொறுமை நம்மிடம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு கிளையின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது. சிலந்தி வலை என்று தட்டிவிடப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், விழுது! ஒன்றரை அடி மரத்துக்கு விழுது! காற்றில் ஈரம் குறைந்தால் நுனி கருகி நின்றுவிடும் என்பதால் ஒரு குளிர்பான ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி, விழுதைச் சுற்றி மாட்டி, மறுமுனையை மண்ணில் செருகினேன். ஸ்ட்ராவுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நாற்பது நாள் கழித்து எடுத்தபோது மண்ணைப் பிடித்திருந்தது. மண்ணைத் தொடும் வரை தையல் நூல் பருமன்தான். தொட்ட பிறகு பருக்கத் தொடங்கி, இன்று பென்சில் கனத்தில் கிளைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. இப்போது மூன்று விழுது. மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால் அது ஆலமரத்தடிதான். வீட்டுக்கு வரும் குழந்தைகள் எல்லாம் அங்கேதான் பிளாஸ்டிக் மாட்டைக் கட்டுகிறார்கள்.

நண்பனின் அடுத்த கேள்வி: "பழ மரத்தையே பான்சாய் பண்ணிட்டா, ஒரே கல்லுல ரெண்டு மாங்காதானே?" மாங்காய்தான் சிக்கல். கிள்ளக் கிள்ள இலை சிறுக்கும், பழம் சிறுக்காது. தட்டில் நிற்கும் மாமரம் காய்த்தால் முழு அளவு மாங்காய்தான் காய்க்கும், கிளை தாங்காது. பழம் வேண்டுமென்றால் இயல்பிலேயே சிறிய காய் காய்க்கிற வகையாகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மண்ணில் வை.

மண்ணில் வைத்த என் எலுமிச்சையின் கதையும் கேவலம்தான். ஆறு வருடம் முன்பு வாங்கிய ஒட்டுச்செடி. இரண்டாம் வருடம் அடியிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. என்ன வேகம், என்ன நிமிர்வு! குச்சி நட்டுக் கட்டினேன், உரத்தை அதன் பக்கமாகவே போட்டேன். மேலே இருந்த பழைய கிளைகள் சோம்பிப்போய் ஒவ்வொன்றாகக் காய்ந்தன, போகட்டும் என்று விட்டேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஒருநாள் விரல் நீள முள் ஒன்று கையில் ஏறியபோதுதான் இலையைக் கிட்டப் பார்த்தேன், ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை. எலுமிச்சைக்கு ஏது மூன்று? நான் சீராட்டி வளர்த்தது ஒட்டுக்குக் கீழே, எலுமிச்சைக்கு வேராக மட்டும் இருக்க வேண்டிய வேறொரு செடியை, வேர்ச்செடியை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும் குனிந்து பார்த்திருக்கலாம். அதை அடியோடு வெட்டினேன். மேலே பிழைத்திருந்த ஒரே குச்சி தேறி வர ஒன்றரை வருடம் ஆனது. எல்லா வேர்ச்செடியிலும் மூன்றிலை இருக்காது. ஆகவே இலையை நம்பாமல், தண்டில் ஒட்டுப்போட்ட முண்டு எங்கே என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். நடும்போது அது மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே எது முளைத்தாலும் இளசாக இருக்கும்போதே கட்டைவிரலால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

இப்போது அது காய்க்கிறது. கூடவே பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கிடக்கும் புழுக்கள் வரும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். பட்டாம்பூச்சியாகப் போகிறவை என்பதால், மரம் பெரிசானபின் நான் கண்டுகொள்வதில்லை.

அழகு மரத்துக்கு ஈழத்தலரி (ப்ளூமேரியா). ஒரு கொம்பை வெட்டி, பால் காய ஒரு வாரம் நிழலில் போட்டு, நட்டேன். ஒன்பது வருடத்தில் அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வருடத்தில் சில மாதம் இலையில்லாமல் மொட்டையாக நிற்கும், பிறகு பூக்கும். எழுத ஒன்றும் இல்லை. நல்ல மரங்களின் விமர்சனம் இவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆக, நண்பா, எலுமிச்சை வை, ஒட்டு முண்டைப் பார்த்து வாங்கு. மேலே இவ்வளவு திட்டியிருக்கிறேனே என்று யோசிக்காதே. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அது அங்கேயே நிற்கும். பான்சாய் வாங்காதே. விழுதைப் பற்றி நான் எழுதியதைப் படித்து மயங்காதே.

ஞாயிற்றுக்கிழமை கழித்த கிளைகளில் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். ஃபைகஸ் எளிதில் வேர் விடும், இன்னும் சில வாரத்தில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆழமான தொட்டியில் வைத்து ஜன்னலோரம் நிறுத்து. வாசல் மண்ணில் மட்டும் வைத்துவிடாதே, அதன் வேர் சுவரையும் குழாயையும் விட்டுவைக்காது. வரும்போது தொட்டியை நீயே கொண்டு வா. என்னிடம் தட்டு ஒன்று சும்மாதான் கிடக்கிறது, கேட்டாலும் தர மாட்டேன்.