மண்டபம் பூங்கா உடற்பயிற்சிக் கருவிகள்: கைத்துண்டோடு போங்கள்

கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் தெருமுனைப் பூங்காவில் கட்டணம் கிடையாது. காற்றில் நடப்பதுபோல் காலை வீசும் கருவிதான் உருப்படி; மூட்டு வலிக்காமல் மூச்சு வாங்க வைக்கிறது. கைப்பிடிகளை உப்புக்காற்று தின்றுவிட்டது. பிடித்தால் உள்ளங்கை முழுக்கச் செம்பழுப்புத் தூள், அப்புறம் சேலையிலும் அதே கறை. எண்ணெய் விட ஆளில்லை. வெயில் ஏறினால் இரும்பு சுடும்.

வயது வந்தவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான உடற்பயிற்சியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 தாண்டியவர்கள் விழாமலிருக்க, வாரத்தில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டுமாம். அதற்கு இங்கே எதுவுமில்லை. நான் சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்கிறேன்.

கடல்பாசி எடுக்கப் போகும் மதினி, "எனக்கு இது எதுக்கு, கடலே போதும்" என்கிறார். சரிதான். மற்றவர்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள்.