பத்மினியும் சோலெக்ஸ் கார்புரேட்டரும்: குமரி மாவட்டச் சாலைகளில் நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 1989 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சோலெக்ஸ் நிறுவனக் கார்புரேட்டர், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கையால் இழுக்கும் சோக். திங்கள்சந்தையிலிருந்து நாகர்கோவில், மார்த்தாண்டம், விடுமுறையில் பேச்சிப்பாறை என்று பல ஆண்டுகளாக இதில்தான் போய்வருகிறோம். இதைப் போன்ற வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எஞ்சின் திணறினால் உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி அமைப்பில் பாயிண்ட் கருகியிருக்கலாம், கண்டன்சர் போயிருக்கலாம், பிளக் கரி பிடித்திருக்கலாம். இவற்றைப் பார்த்து முடித்த பிறகே கார்புரேட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

எந்த நேரத்தில் திணறுகிறது என்பதே பாதி விடை. ஓட்டத்தில் நன்றாகப் போய், சிக்னலில் நின்றதும் அணைந்தால் பைலட் ஜெட் (வண்டி நிற்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் ஒரு தயக்கம் வந்தால் ஆக்சிலரேட்டர் பம்பின் டயாபிரத்தை (மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு) பாருங்கள். பேச்சிப்பாறை ஏற்றத்தில் மட்டும் இழுக்கவில்லை என்றால், ஓட்டத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டாக இருக்கலாம். பெட்ரோல் பம்பும் ஃபில்டருமாகவும் இருக்கலாம். நிறுத்திய வண்டியில் பெட்ரோல் நாற்றம் அடித்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது அந்த வால்வை இயக்கும் மிதவையான ஃப்ளோட்டில் ஓட்டை. ஓட்டை இருந்தால், ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டும்போது உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்கும்.

ஜெட்டைச் சுத்தம் செய்வதில்தான் எனக்குக் கோபம் வரும். பட்டறைகளில் கம்பியை எடுத்துக் குத்திவிடுகிறார்கள். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் துளைத்த பித்தளையைக் கம்பியால் சுரண்டினால், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து காற்றடித்தால் போதும். அதற்குப் பிறகும் ஐடிலிங் (நின்றபடி எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால், அடிப்பகுதி கேஸ்கட்டைச் சுற்றி லேசாகச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் ஓட்டம் மாறினால் அங்கே காற்று கசிகிறது.

நம் மாவட்டத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் வண்டியை வெளியே நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்றால் கார்புரேட்டர் உடலில் வெண்பொடி பூக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றோடு மண்ணும் வருவதால் ஏர் ஃபில்டரை அங்கே அடிக்கடி போகிறவர்கள் சீக்கிரமே மாற்ற வேண்டும். வெயிலில் மார்த்தாண்டத்து நெரிசலில் சிக்கி எஞ்சின் அணைந்து, திரும்பப் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோல் ஆவியாகிப் பம்பில் அடைத்துக்கொண்டதே காரணம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள்.

இப்போது மிகவும் கவலை தருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். ஆகவே பழைய ஜெட்டில் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல், பிளக் வெளுக்கிறது. ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இது சின்ன விஷயம் இல்லை. பழைய ரப்பர் டயாபிரமும் குழாய்களும் உப்பி, உளுத்துப் போகின்றன. எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போட்ட பிறகு எங்கள் வண்டியில் பிளக் மீண்டும் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது, பிக்கப்பும் திரும்பியது.

கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் போலி கார்புரேட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய அசல் உடலில் த்ரோட்டில் தண்டு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) ஆடாமல் இருந்தால், ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டு அதையே ஓட்டலாம். சில வாரங்கள் வண்டியை எடுக்காமல் நிறுத்துவதாக இருந்தால், பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். ஃப்ளோட் இருக்கும் பெட்ரோல் அறையான ஃப்ளோட் சேம்பர் காலியாகிவிடும். அடியில் பசை படியாது.