ராஸ்டரிலேயே இருக்கலாமா, டெர்ராவுக்கு மாறலாமா, ஸ்டார்ஸ் பக்கம் போகலாமா?

ஆர் மொழியில் செயற்கைக்கோள் படம், மழை வரைபடம், உயரத் தரவு என்று கட்டம் கட்டமாக வரும் தரவைக் கையாள்பவர்களிடம் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றாவது இருக்கும். அதன் முதல் வரி பெரும்பாலும் 'ராஸ்டர்' தொகுப்பை அழைப்பதாக இருக்கும். அதை உருவாக்கிய ராபர்ட் ஹைமன்ஸே 2020-இல் 'டெர்ரா'வை வெளியிட்டார். இன்னொரு பக்கம் எட்சர் பெபெஸ்மாவின் 'ஸ்டார்ஸ்' இருக்கிறது. மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூலம். எதில் எழுதுவது?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ராஸ்டர் தொகுப்பு கோப்புகளைப் படிக்க நம்பியிருந்த 'ஆர்ஜிடால்' 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. ராஸ்டரும் அதோடு போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். போகவில்லை. இப்போது அது உள்ளுக்குள் டெர்ராவை வைத்தே கோப்பைப் படிக்கிறது. பழைய ஸ்கிரிப்ட் ஓடினால் ஓடட்டும். ஆனால் புதிய வேலையை அதில் தொடங்காதீர்கள். உள்ளே ஓடுவது டெர்ரா என்றான பிறகு, நேராக டெர்ராவிலேயே எழுதிவிடலாமே.

இடைமுகத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்: ராஸ்டரில் ஒற்றை அடுக்குக்கு லேயர், பல அடுக்குக்கு ஸ்டாக், ஒரே கோப்பில் உள்ள பல அடுக்குக்கு பிரிக் என்று மூன்று வகைகள். எது எப்போது என்று புதிதாகக் கற்பவர்கள் குழம்பியே போவார்கள். டெர்ராவில் எல்லாமே ஸ்பாட்ராஸ்டர் என்ற ஒரே வகை, உருவாக்க 'ராஸ்ட்' என்ற ஒரே ஃபங்ஷன். பெயர்களும் மாறின: 'கேல்க்' இப்போது 'ஆப்', 'ரீகிளாசிஃபை' இப்போது 'கிளாசிஃபை', 'எக்ஸ்டென்ட்' இப்போது 'எக்ஸ்ட்'. அப்புறம், ராஸ்டரின் 'செலக்ட்', அட்டவணைத் தரவைக் கையாளும் டிப்ளையர் தொகுப்பின் 'செலக்ட்'டை மறைத்துவிடும் தொல்லையும் தீர்ந்தது. டெர்ராவில் அதன் பெயர் 'செல்'.

பெயர் மாறினால் கவலையில்லை. தப்பாக எழுதினால் பிழைச் செய்தி வந்து நிற்கும். பெயர் அப்படியே இருந்து விடையின் வடிவம் மட்டும் மாறியிருக்கும் இடம்தான் ஆபத்து. 'எக்ஸ்ட்ராக்ட்' அப்படிப்பட்டது. ராஸ்டரில் பல அடுக்குகளிலிருந்து புள்ளிகளின் மதிப்பை எடுத்தால் மேட்ரிக்ஸ் வரும். முதல் நெடுவரிசை முதல் அடுக்கு. டெர்ராவில் புள்ளிகளை ஸ்பாட்வெக்டராக (புள்ளி, கோடு, பரப்புகளுக்கான டெர்ராவின் வகை) கொடுத்தால் டேட்டா ஃபிரேம், அதாவது அட்டவணை வருகிறது. அதன் முதல் நெடுவரிசை ஐடி, அதாவது புள்ளியின் வரிசை எண். முதல் நெடுவரிசையை எடு என்று எழுதிய பழைய வரி எந்த முணுமுணுப்பும் இல்லாமல் வரிசை எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். நான் இதில் மாட்டியிருக்கிறேன். நாற்பது புள்ளிகளின் வெப்பநிலை 1-இலிருந்து 40 வரை சீராக ஏறியது. நல்ல வேளை, ஒவ்வொன்றாக ஏறியதால் கண்ணில் பட்டது. அதில் பாதியை வடிகட்டிக் கலைத்துப் போட்டிருந்தால், 27, 31, 34 என்று வரும் எண்களை வெப்பநிலை இல்லை என்று யார் சந்தேகிப்பார்கள்? ஐடி வேண்டாம் என்றால் அழைக்கும்போதே 'ஐடி = ஃபால்ஸ்' என்று கொடுத்துவிடுங்கள். ஒற்றை அடுக்கு என்றால் இன்னொன்று: முன்பு நேரடி வெக்டர் வந்தது, சராசரி போட்டால் விடை வரும். இப்போது டேட்டா ஃபிரேமுக்குச் சராசரி போட்டால் எச்சரிக்கையோடு என்ஏ (மதிப்பு இல்லை) வரும். இது பரவாயில்லை, சத்தம் போடுகிறது.

டெர்ராவின் இன்னொரு குணம்: ஆருக்குள் இருப்பது தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி (பாயின்டர்) மட்டும், தரவு சி++ பக்கம் இருக்கிறது. வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆரின் பணியிடத்தை (வொர்க்ஸ்பேஸ்) அப்படியே சேமித்து மறுநாள் திறந்தால் சுட்டி செல்லாது என்று பிழை வரும். வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்து அனுப்பும்போதும் இதே கதைதான். 'ராப்' ஃபங்ஷனால் பொதிந்து அனுப்பி, அந்தப் பக்கம் 'அன்ராப்' செய்ய வேண்டும்.

சரி, ஸ்டார்ஸ்? அதன் பார்வையே வேறு. அது கட்டத் தரவை அடுக்குகளாகப் பார்ப்பதில்லை. பரிமாணங்கள் கொண்ட அணியாகப் பார்க்கிறது. காலமும் ஒரு பரிமாணம், பேண்டும் (செயற்கைக்கோள் படத்தின் அலைவரிசை) ஒரு பரிமாணம். நாள்தோறும் மழை, பல மாறிகள், நெட்சிடிஎஃப் (காலநிலைத் தரவு பெரும்பாலும் வரும் வடிவம்) கோப்பு, அதிலும் வளைந்த கட்டம் என்றால் ஸ்டார்ஸ்தான் பொருத்தம். புள்ளி, கோடு, எல்லைகளைக் கையாளும் எஸ்எஃப் தொகுப்போடும் அது அழகாக ஒத்துப்போகும். பழக மட்டும் நேரம் பிடிக்கும்: சதுர அடைப்புக்குறிக்குள் முதல் இடம் பண்புக்கு, அதன் பிறகுதான் எக்ஸ், ஒய். நிலப் பயன்பாடு, உயரம், சரிவு போன்ற அன்றாட வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆகவே என் தேர்வு டெர்ரா. காலத்தொடர் வேலைக்கு மட்டும் ஸ்டார்ஸ். மாறும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதித் தள்ள வேண்டாம். 'ராஸ்ட்' பழைய ராஸ்டர் பொருளையும் ஏற்றுக்கொள்ளும், ஒற்றை அடுக்கை 'ராஸ்டர்' ஃபங்ஷன் திரும்ப மாற்றியும் கொடுக்கும். அதனால் ஸ்கிரிப்ட்டைத் துண்டு துண்டாக மாற்றலாம். முதலில் 'எக்ஸ்ட்ராக்ட்' வரும் வரிகளைத் தேடி எடுங்கள். அதே புள்ளிகளை இரண்டு தொகுப்பிலும் ஓட்டி, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பழைய வரியை நீக்குங்கள்.