கேமிங் பிசி அசெம்பிள் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? 94,000 ரூபாய் விட்டவன் எழுதுகிறேன்

இன்று மதியம் சேலத்திலிருந்து மலையேறி வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 94,000 ரூபாய். அதில் 60,000 அம்மா சீட்டு எடுத்த பணம். மீதி நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதிச் சேர்த்தது.

தம்பி ப்ளஸ் டூ முடித்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. விளையாட மட்டும் இல்லை, வீடியோ எடிட்டிங்கும் பழகுகிறான், சரி என்று ஒப்புக்கொண்டேன். ரீல்ஸில் தேடியபோது கிடைத்ததுதான் சேலத்து மாடிக் கடை ஒன்று. கலர் கலராக லைட் எரியும் கேபினட், ‘பட்ஜெட்டை மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்’ என்று ஒரு குரல். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று கடைக்காரர் இன்று மிரட்டினார். அதற்கும் செலவழிக்க என்னிடம் தெம்பில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை போனோம். படியேறியதுமே, “வாங்கண்ணா, மலையிலிருந்தா வர்றீங்க? டேய், ரெண்டு டீ சொல்லு” என்றார். அந்த ‘அண்ணா’வில்தான் விழுந்தேன். பார்ட்ஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பெட்டியின் சீலை எங்கள் கண்ணெதிரே பிளேடால் கிழித்து, கார்டை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். அவன் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டான். அந்த அவசரத்தில் டீ கிளாஸைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டான். எடுத்தபோது அட்டையில் வட்டமாக ஒரு கறை, ஒரு பக்கம் வால் மாதிரி வழிந்திருந்தது. “பரவால்லண்ணா, பெட்டிதானே” என்று சிரித்தார்.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, “போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் பில் இல்லாமல் வாங்கினேன் பாருங்கள், முதல் செருப்படி எனக்குத்தான் விழ வேண்டும். “போய்ச் சாப்பிட்டு நாலு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்” என்றார். போனோம், சாப்பிட்டோம், வந்தோம். ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. பெட்டிகளைக் கேட்டதற்கு, “பஸ்ல அடைசல் எதுக்கு? இங்கேயே இருக்கட்டும், வாரண்டி நானே பார்த்துக்கறேன்.”

பத்தே நாள். கேம் போட்டு இருபது நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடும். போன் செய்தால், “அண்ணா, மலையில கரண்ட் ஏத்த இறக்கமா வரும், யூபிஎஸ் மாட்டுங்க.” 4,200 ரூபாய்க்கு அதையும் வாங்கினேன். இது 94,000-க்கு மேல். அப்படியும் அணைந்தது. கீழே தூக்கிக்கொண்டு போனேன். இப்போது நான் ‘சார்’ ஆகிவிட்டேன். “சார், ஏற்காட்டுப் பனி. உள்ள ஈரம் இறங்கியிருக்கு.” இரண்டு நாள் வைத்துக் கொடுத்தார், வீட்டுக்கு வந்த அன்றே அணைந்தது. அடுத்த தடவை, “20 கொண்டை ஊசி வளைவுல குலுக்கிட்டுப் போனா எந்த கார்டு தாங்கும்?” கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன் ஐயா, கைக்குழந்தையைக்கூட அப்படி யாரும் கொண்டுபோக மாட்டார்கள். அப்புறம் போன் எடுப்பதே நின்றுபோனது.

போன வாரம் தம்பியின் சிநேகிதன், சர்வீஸ் வேலை பார்க்கிறவன், அதைப் பிரித்தான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) 11,214 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. ஒரு வருடத்துக்கே 8,760 மணி நேரம்தான். நாங்கள் வாங்கி ஏழு வாரம்! கிராபிக்ஸ் கார்டில் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் சுரண்டியிருந்தது, ஸ்க்ரூ தலையெல்லாம் தேய்ந்திருந்தது, ஃபேனுக்கு அடியில் பஞ்சு மாதிரி தூசி. கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் ‘மைனிங்’ 2022 செப்டம்பரில் நின்றதும் இப்படி ராப்பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் நிறைய விலைக்கு வந்தன, இதுவும் அப்படியே இருக்கலாம் என்றான். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 650 வாட் என்ற ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகம் வைத்து உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 450. அந்த கார்டுக்குக் குறைந்தது 550 வாட்டாவது வேண்டும் என்று தயாரித்த கம்பெனியே சொல்கிறது. அணையாமல் என்ன செய்யும்?

இன்று காலை நேரில் கேட்கப் போனேன். மேசை முன்னால் ஒரு பையனும் அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே 3060 பெட்டி, புதுசாகக் கண்ணாடித் தாள் சுற்றி. அந்தத் தாளுக்கு அடியில் வட்டக் கறை. ஒரு பக்கம் வால்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. தம்பி கையில் கொடுத்த நல்ல கார்டு, நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் மறுபடி பெட்டிக்குள் போயிருக்கிறது. “இது எங்க பெட்டிதானே?” என்றேன். “ஏங்க, வியாபார நேரத்துல சத்தம் போடாதீங்க.” ‘அண்ணா’ போய் ‘சார்’ போய் ‘ஏங்க’வில் வந்து நிற்கிறது. பையனின் அப்பா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். இன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

எப்படிக் கடை தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மாட்டி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள், பசித்தால் பசிக்கட்டும். சீரியல் நம்பர்களோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பெட்டிகளையும் நம்பர்களையும் போட்டோ எடுத்து, காலிப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று கடையிலேயே பாருங்கள், அரை நிமிட வேலை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லையாம், இரண்டு வருடத்துக்குள் போடலாமாம். ஆனால் 94,000 ரூபாயை ஜிபே கூடச் செய்யாமல் எண்ணிக் கொடுத்தேன், என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான். சேலத்தில் மாடிக் கடையில் 3060 வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பெட்டி திறக்கும்போது எடுத்த போட்டோவைப் பாருங்கள். மூடியில் டீ வட்டம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.