சின்கிளேர் சி5: முழங்காலுக்கு அடியில் ஒரு கைப்பிடி
1985 ஜனவரியில் லண்டனில் அறிமுகமான சின்கிளேர் சி5, 14 வயது நிரம்பியவர்கள் பிரிட்டனில் ஓட்டுநர் உரிமமின்றியே ஓட்டக்கூடிய மூன்று சக்கர மின்வண்டி. அறிமுக விலை 399 பவுண்டாக இருந்தது; உச்ச வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். கால்களை நீட்டிச் சாய்ந்து அமர்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்காலுக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கைக்குப் பழகிவிட்டால் இது உண்மையிலேயே சுகமான ஏற்பாடுதான்.

எனக்குள்ள கவலை உயரத்தைப் பற்றியது. வண்டி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான் என்பதால், ஓட்டுபவரின் தலை காரின் முன்மூடி மட்டத்திலேயே நிற்கிறது. லாரி ஓட்டுநரின் கண்ணில் அது படுவது அரிது. அப்படியிருந்தும், வண்டி இருப்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் பிரதிபலிப்புக் கம்பத்தையும் பக்கக் கண்ணாடிகளையும் கூடுதல் விலைக்கு விற்றதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஏற்றத்தில் 250 வாட் மோட்டார் திணறும்போது மிதிக்க வேண்டும். கியரும் கிடையாது, மழைக்குக் கூரையும் கிடையாது.

வாகனங்கள் நுழையாத சமதளப் பாதைக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். பேருந்து ஓடும் சாலைக்கு என் வீட்டுப் பிள்ளைகளை இதில் அனுப்ப மாட்டேன்.